புளித்த மாவு

மூணாவது மாவு மில்லை விட்டு வெளிய வந்தப்போ என் தலை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளை. உள்ள ராகி இருந்துச்சு, கோதுமை இருந்துச்சு, மிளகாய்த்தூள் இருந்துச்சு. டெல்பின் மட்டும் இல்ல. மிளகாய் அரைக்கிற மூலையிலயும் எட்டிப் பார்த்துட்டு வந்ததால கண்ணுல தண்ணி கொட்டிக்கிட்டிருந்துச்சு. அது அழுகையா மிளகாயான்னு எனக்கே தெரியல.

"அக்கா, இன்னொரு மில்லுக்குள்ள போனேன்னா என்னையே பாக்கெட் போட்டு வித்துருவாங்க"ன்னேன்.

குல்ஷன் அக்கா சிரிக்கல. என் மொக்கைக்கு வழக்கமா ஒரு முறைப்பாவது கிடைக்கும். அன்னைக்கு அதுவும் கிடைக்கல. கையில இருந்த சின்ன ஃபிளாஸ்கைத் திறந்து, உள்ள ஐஸ் கரையாம இருக்கான்னு பார்த்துட்டு மறுபடி மூடுனாங்க. அந்த ஐஸுக்கு நடுவுல ஒரு இன்சுலின் பேனா இருந்துச்சு. டெல்பினோடது.

எங்களைப் பத்தி சொல்லிடறேன். ஓசூர் பாகலூர் ரோட்டுல ஒரு மொபைல் கடைக்கு மேல எங்க டிடெக்டிவ் ஆபீஸ். குல்ஷன் அக்கா முன்னால ஒரு கம்பெனி கேட்டுல பொம்பளைங்களை செக் பண்ற செக்யூரிட்டியா இருந்தவங்க. பையைத் திறக்கச் சொல்லிட்டுப் பையைப் பார்க்க மாட்டாங்க, மூஞ்சியைப் பார்ப்பாங்க. நான் ஜாக்சன், அசிஸ்டென்ட். வண்டி ஓட்டறது, டீ வாங்கறது, தேவையில்லாம பேசறது மூணும் என் பொறுப்பு. மாப்பிள்ளை எந்த ஷிப்ட், தண்ணி அடிப்பானா, இதுதான் நாங்க வழக்கமா விசாரிக்கிற லட்சணம். ஆள் கடத்தல் எல்லாம் எங்க தகுதிக்கு மீறினது.

ஆனா இன்னாசிமுத்து சார் காலையில எங்க ஆபீஸ் படியில உக்காந்துகிட்டு எழுந்திருக்க மாட்டேன்னுட்டாரு. ஒரு கம்பெனி டூல் ரூம்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு, மனைவி இல்ல, ஒரே மக. மக டெல்பின், இங்க ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் லெக்சரர். முந்தின நாள் சாயங்காலம் காலேஜை விட்டுக் கிளம்பின பொண்ணு வீடு வந்து சேரல. சார் எங்ககிட்ட வந்ததுக்கு மறுநாள் காலையில கிருஷ்ணகிரி கோர்ட்டுல அவ சாட்சி சொல்லணும். முனிவேல்னு ஒரு பெரிய ஆளு, ஊர்ல பாதி லாரி ஷெட் அவருது. அவரு மகன் காரை விட்டு ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை அடிச்சுத் தூக்கிட்டு நிக்காம போயிட்டான். பார்த்தவங்க நிறையப் பேரு. பார்த்தேன்னு சொன்னது டெல்பின் ஒருத்தி.

அவ வரலன்னா கேஸ் படுத்துரும், அது ஒரு பக்கம். அதைவிடப் பெரிசு, சின்ன வயசுலருந்தே அவளுக்கு சக்கரை. நம்ம வீட்டுப் பெருசுங்களுக்கு வர்ற, மாத்திரையில அடங்கற சக்கரை இல்ல. காலையிலயும் ராத்திரியிலயும் ஊசி போட்டே ஆகணும், போடலன்னா உயிருக்கே ஆபத்து. நேத்து ராத்திரி ஊசி போடல, இன்னைக்குக் காலையிலயும் போடல. கடத்தினவனுக்கு அது தெரியுமோ தெரியாதோ, தெரிஞ்சாலும் கவலைப்படுவானோ மாட்டானோ.

ஒரே ஒரு போன் வந்திருந்துச்சு. காலையில அவளே பேசினா. இன்னாசிமுத்து சார் போன்ல எல்லா காலும் தானா ரெக்கார்ட் ஆயிடும், அதனால எங்களுக்குத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினாரு.

"அப்பா, நான் ஃப்ரெண்டு வீட்ல நல்லா இருக்கேன். நாளைக்குக் கோர்ட்டுக்கு வரல, யாரும் தேட வேண்டாம். அப்புறம் மாவு எல்லாம் புளிச்சுப் போயிருக்குப்பா. சாப்பிட்டுடாதீங்க. தெரிஞ்சவங்க கொடுத்ததாச்சேன்னு நம்பிடாதீங்க."

அவ்வளவுதான், கட். ஸ்டேஷன்ல புகார் வாங்கிக்கிட்டாங்க, ஆனா பொண்ணு மேஜர், அவளே பேசியிருக்கா, பார்க்கலாம் சார்னாங்களாம். பக்கத்துல ஒருத்தன் நின்னு எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குரல் அது. மாவு மட்டும்தான் அவளோட சொந்தச் சரக்குன்னு அக்கா உடனே சொன்னாங்க.

எங்களுக்கு அன்னைக்கு வண்டி ஓட்டினது ராமப்பன். அத்திப்பள்ளி பக்கத்து ஆளு. வீட்டுல கன்னடம், எங்ககிட்ட தமிழ், அவசரப்பட்டா தெலுங்குன்னு மூணு கியர் வச்சிருக்கான். டெல்பினையும் இன்னும் சில மேடம்களையும் தினமும் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயி வர்றது அவனோட ஆம்னிதான். கடத்தல்னு கேள்விப்பட்டு ஆம்னியில தேடப்போற முதல் கோஷ்டி நாமதான்னு நான் காலையில சொன்ன ஜோக்குக்கு யாரும் சிரிக்கல. ஆக்சிடென்ட் அன்னைக்கும் டெல்பின் இவன் வண்டியிலதான் இருந்தா. இவன் ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்துக்கிட்டிருந்தேன், காரைப் பார்க்கலன்னு போலீஸ்கிட்ட சொல்லிட்டான். நேத்து சாயங்காலம் காலேஜ் வாசல்ல வெயிட் பண்ணியும் மேடம் வரல, அதனால கிளம்பிட்டேன்னு சொன்னான். பாவம், காலையிலருந்து சோறு இல்லாம எங்களோட சுத்தினான். அந்த ரெக்கார்டைக் கேட்டுட்டு, மாவுன்னா மில்லுதான்க்கா, வேற என்னா இருக்கப் போவுதுன்னு சொன்னதும் அவன்தான். ஓசூர்ல இருக்கிற மில்லு எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

மூணும் காலி. மத்தியானம் சாய்ஞ்சிருச்சு. இன்னாசிமுத்து சார் வீட்டுக்கே திரும்பினோம்.

அக்கா நேரா சமையல்கட்டுக்குப் போயி ஃபிரிட்ஜைத் திறந்தாங்க. பால், கீரை, முட்டை, ஊசி மருந்து டப்பா. மாவு எங்க சார்னு கேட்டாங்க. சாரு கதவைப் புடிச்சுக்கிட்டு உள்ள பார்த்தாரு, அப்புறம் எங்களைப் பார்த்தாரு. வீட்டுல மாவே இல்லம்மா, ஆட்டியே பல மாசம் ஆச்சு, அவ சக்கரைக்கு ஆகாதுன்னு இட்லி தோசையையே விட்டுட்டோம்னாரு. இதை ஏன் சார் காலையிலயே சொல்லலன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த முகத்தைப் பார்த்துட்டு முழுங்கிட்டேன். மக குரலைக் கேட்ட மனுஷனுக்கு மாவாவது மண்ணாவது.

"அப்ப அவ சொன்னது நம்ம மாவு இல்ல"ன்னாங்க அக்கா.

டெல்பின் ரூமுக்குப் போனோம். சுவத்துல ஒரு வெள்ளைக்காரன் படம், காதை மூடற முடி, தூக்கம் கெட்ட கண்ணு. யாரு சார் இந்த தாத்தான்னேன். ஒபதியா ரென்வில், அமெரிக்கா சுதந்திரம் வாங்கின புதுசுல நாவல் எழுதின ஆளு, இவரைப் பத்திதான் அவ பிஎச்டி பண்றான்னாரு. ஞானஸ்நானம் வாங்கின நம்ம சித்தப்பா பேரு மாதிரி இருக்கேன்னேன். அக்கா என் காலை மிதிச்சாங்க.

அக்கா கட்டில்ல உக்காந்து, அந்த ஆளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும் சார்னு கேட்டாங்க. எனக்குக் கடுப்பு. உயிர் போற நேரத்துல செத்துப்போன நாவலாசிரியன் கதை எதுக்கு? சாரு தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு, எல்லாம் தெரியும்மா, சாப்பிடறப்ப இவரைப் பத்தித்தான் பேசுவா, எங்க வீட்டுல மூணாவது தட்டு போடாத குறைதான்.

அந்த ஒபதியா முதல்ல வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருந்தவன். அவன் இருந்த பென்சில்வேனியாவுல பாதி ஜனம் இங்கிலீஷ், பாதி ஜனம் ஜெர்மன். நம்ம ஓசூர் மாதிரியேப்பா, தெருவுக்கு ஒரு பாஷைன்னு டெல்பின் சொல்லுவாளாம். அங்க ஒரு ஜெர்மன்காரம்மா, விதவை. எலிக்கு வைக்க ஒரு ஜாடியில வெள்ளைப் பொடி வச்சிருந்தா. பக்கத்து வீட்டு இங்கிலீஷ்காரன் வந்து அதை எடுத்துப் பார்த்தான். அந்தம்மா பதறிப்போயி கிஃப்ட், கிஃப்ட்னு கத்தினா. அவன் சந்தோஷமா தேங்க்ஸ் சொல்லி ஜாடியோட வீட்டுக்குப் போயி, சர்க்கரைன்னு கஞ்சியில போட்டுக் குடிச்சுச் செத்தான்.

"ஜெர்மன்ல கிஃப்ட்னா விஷமாம்"னாரு சாரு.

கோர்ட்டுல சாட்சிக்காரங்க எல்லாரும், அவளே பரிசுன்னு சொல்லித்தான் கொடுத்தா, எங்க காதால கேட்டோம்னாங்க. கேட்டது நெசம்தான். எந்தப் பாஷையில கேட்டோம்னுதான் யாருக்கும் தெரியல. ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒரே ஆளு, எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பின்னால பேனாவோட உக்காந்திருந்த குமாஸ்தா ஒபதியா. முதலாளிக்குப் பயந்து வாயைத் திறக்கல. அந்தம்மாவைத் தூக்குல போட்டாங்க. ஒபதியா மறுநாளே வேலையை விட்டான். அதுக்கப்புறம் எழுதின நாவல் ஒவ்வொண்ணுலயும், தெரிஞ்சும் சும்மா இருந்த ஒருத்தன் வருவான். நாவல் படிச்சா பொண்ணுங்க கெட்டுப்போகும்னு அங்கயும் திட்டிக்கிட்டிருந்த காலம், ஒண்ணும் விக்கல. பீங்கான் பாத்திரக் கடை வச்சுப் பொழச்சு, நெஞ்சு நோவுல இளவயசுலயே போய்ச் சேர்ந்தான்.

சாட்சி சொல்லாதம்மா, நமக்கு எதுக்கு வம்புன்னு நான் கெஞ்சினேன்னாரு சாரு. அதுக்கு அவ சொன்னதை அப்படியே சொன்னாரு.

"ஒபதியா மாதிரி ஆயுசு பூரா எழுதிக்கிட்டு உக்காந்திருக்க என்னால முடியாதுப்பா. ஒரு தடவை கோர்ட்டுல சொல்லிட்டு வந்துடறேன்."

அக்கா எழுந்து சமையல்கட்டுல ஒரு டம்ளர் டீ போட்டுக்கிட்டு வாசலுக்குப் போனாங்க. நானும் பின்னாலயே போனேன். ராமப்பன் ஆம்னியில சாய்ஞ்சு பொண்டாட்டிகிட்ட கன்னடத்துல பேசிட்டு அப்பத்தான் போனை வச்சான். கண்ணு செவந்து கிடந்துச்சு. அக்கா டீயைக் கொடுத்துட்டு, போற போக்குல கேக்கற மாதிரி, உங்க வீட்ல மாவு இருந்தா கொஞ்சம் கொடேன் ராமப்பான்னாங்க.

"இப்ப எங்கக்கா மாவு? சீசன் முடிஞ்சு போச்சே."

மாவுக்கு என்னய்யா சீசன்னு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா என் கையைக் கிள்ளினாங்க. சரி விடுப்பா, டீ குடின்னு அவன்கிட்ட சொல்லிட்டு என்னை உள்ள இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க.

உள்ள வந்ததும் எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி உறைச்சுது. கன்னடத்துல மாவுன்னா மாம்பழம். சீசன்ல பஸ் ஸ்டாண்டு வாசல்ல மாவின ஹண்ணு, மாவின ஹண்ணுன்னு தள்ளுவண்டிக்காரன் கத்தறதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனா தமிழ்ல பேசற டெல்பின் வாயில வந்ததும் தோசைக்கல்லைத் தவிர எனக்கு ஒண்ணும் தோணல. பக்கத்துல நின்னு காவல் காத்தவனுக்கும் அப்படித்தான். அவன் கன்னடம் தெரியாத வெளியூர்க்காரன்னு பார்த்துத்தான் டெல்பின் அந்த வார்த்தையைப் போட்டிருக்கணும்.

"மாங்கூழ் ஃபேக்டரி. சீசன் முடிஞ்சு மூடிக் கிடக்குது, தோலும் கொட்டையும் புளிச்சுக் கிடக்குது. அங்கதான் வச்சிருக்காங்க"ன்னாங்க அக்கா.

நான் குதிச்சேன். வாங்க, ராமப்பன்கிட்ட சொல்லி வண்டியைக் கிளப்பலாம்னு ஓடினவனைச் சட்டையோட புடிச்சு நிறுத்தினாங்க. கிருஷ்ணகிரி ஜில்லா முழுக்கக் கூழ் ஃபேக்டரிதான், எதுன்னு போவேன்னு கேட்டாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தினாங்க.

"ஜாக்சன், மாவுன்னதும் அவனுக்கு முதல்ல ஞாபகம் வர்றது மாம்பழம். காலையில அந்த ரெக்கார்டைக் கேட்டப்ப மட்டும் ஏன் மில்லு ஞாபகம் வந்துச்சு?"

காலையிலருந்து எங்களை ஒவ்வொரு மில்லா இறக்கி விட்டவன் அவன். தெரிஞ்சவங்க கொடுத்ததாச்சேன்னு நம்பிடாதீங்க. அவ மாவுக்கடைக்காரனைச் சொல்லல. தினமும் கூட்டிட்டுப் போற வண்டிக்காரனைச் சொல்லியிருக்கா. நேத்து அவ வண்டியில ஏறவே இல்லங்கறதுக்கு அவன் வாய் வார்த்தையைத் தவிர எங்ககிட்ட என்ன இருந்துச்சு? நான் அவனுக்கு மத்தியானம் பன்னு வேற வாங்கிக் கொடுத்தேன்.

நாலு பேரும் ஆம்னியில ஏறினோம். அக்கா முன் சீட்டுல உக்காந்து கிருஷ்ணகிரி ரோட்டுல போன்னாங்க. அங்க எந்த மில்லுக்கான்னான் ராமப்பன். வண்டி ஹைவேயில ஏறினதும் அக்கா ஃபிளாஸ்கைத் திறந்து பேனாவை எடுத்து அவன் கண்ணுக்கு முன்னால டேஷ்போர்டுல வச்சாங்க.

"இது டெல்பினோட ஊசி. நேத்து ராத்திரியிலருந்து போடல. இது இல்லன்னா செத்துருவா ராமப்பா. உங்க மேடம் இப்ப செத்துக்கிட்டிருக்கா."

சும்மா சொல்லாதீங்கக்கா, எங்கம்மாவுக்கும் சக்கரைதான், ரெண்டு நாள் மாத்திரை இல்லாம கல்லு மாதிரி இருக்கும்னான். சொல்லி முடிச்சதும் அவனுக்கே என்னமோ புரிஞ்சிருக்கணும். கண்ணாடியில பின்னால பார்த்தான். இன்னாசிமுத்து சார் ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு அவனையே பார்த்துக்கிட்டிருந்தாரு. பெத்தவன் அந்த மாதிரி உக்காந்திருக்கிறதை நான் இன்னொரு தடவை பார்க்க வேண்டாம்.

எங்க இருக்கான்னு அக்கா கேட்டாங்க. கொத்தில்லக்கான்னு ஆரம்பிச்சான், கன்னடத்துல தெரியாதுன்னு. பாதியிலயே அதை விட்டுட்டு உண்மையைக் கக்கினான்.

"கோர்ட்டு முடியற வரைக்கும்தான்னாங்கக்கா. ஷெட்டுல வேலை பார்க்கற என் தம்பியைப் பர்மனென்ட் ஆக்கறேன்னாரு முனிவேல். பொட்டு அடி படாதுன்னு சத்தியம் பண்ணாங்க. இந்த ஊசி இல்லன்னா உயிர் போகும்னு எனக்குத் தெரியாதுக்கா."

"ரெண்டு பாஷையும் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். வாயை மூடிக்கிட்டு எங்களை மில்லு மில்லா ஏத்தி இறக்கினியேடா பாவி"ன்னாங்க அக்கா.

ஒபதியா யாருன்னு அவனுக்கு எங்க தெரியும். ஆனா அழுதுகிட்டே ஆக்ஸிலேட்டரை மிதிச்சான். நாகரசம்பட்டி தாண்டி முனிவேல் மச்சான் எடுத்து நடத்தற ஃபேக்டரின்னான். அக்கா அங்கருந்தே போலீசுக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னாங்க. சூளகிரி தாண்டறப்ப லாரிங்க வரிசை கட்டி நின்னுச்சு. நான் ஜன்னல் வழியா பாதி உடம்பை வெளிய நீட்டி வழி விடச் சொல்லிக் கத்தினேன். மூணு பாஷையிலயும் கெட்ட வார்த்தை தெரிஞ்சிருந்தது அன்னைக்குத்தான் உபயோகப்பட்டுச்சு.

மாந்தோப்புக்கு நடுவுல ஃபேக்டரி. வாசலுக்கு ஒரு ஃபர்லாங் முன்னாலயே புளிச்ச வாடை மூக்குல ஏறிடுச்சு. கொட்டையும் தோலும் மலையா குவிஞ்சு ஈ மொய்ச்சுக் கிடந்துச்சு. ராமப்பன் ஹாரன் அடிச்சான். வண்டியைப் பார்த்துட்டு நம்ம ஆளுன்னு நினைச்சுக் காவலுக்கு இருந்தவன் கேட்டைத் திறந்தான். உள்ள இறங்கினது குல்ஷன் அக்கா. கம்பெனி கேட்டுல ஆயிரம் பேரை அடக்கின குரல்ல, சாவியைக் கொடுன்னாங்க. அவன் சாவியைக் கொடுத்துட்டுத் தோப்புப் பக்கம் ஓடினான். அதுக்குள்ள போலீஸ் ஜீப் மண் ரோட்டுல திரும்பறது தெரிஞ்சுது.

டிரம் அடுக்கி வச்சிருந்த ரூம்ல சாக்கு மேல டெல்பின் கிடந்தா. கண்ணு பாதி திறந்திருந்துச்சு, மூச்சு வேக வேகமா வாங்கிச்சு. தூக்கறதுக்குக் குனிஞ்சேன். இவ மேலயும் பழ வாசனை அடிக்குது அக்கான்னேன். அக்கா முகம் மாறிடுச்சு.

"அது ஃபேக்டரி வாசனை இல்லடா. அவ மூச்சு. சக்கரை தலைக்கு மேல ஏறிடுச்சு. தூக்கு."

ஆம்னி பின் சீட்டுல படுக்க வச்சோம். சாரு டாக்டருக்குப் போன் போட்டு, அவரு சொன்ன அளவைத் திருகி வச்சு ஊசியைப் போட்டாரு. மக பள்ளிக்கூடம் போற காலத்துலருந்து போடற கை, அன்னைக்கு ரெண்டு தடவை தவறிச்சு. ஜீப் சைரன் போட்டுக்கிட்டு முன்னால போச்சு, நாங்க பின்னாலயே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வண்டி ஓட்டினது ராமப்பன்தான். வேற யாரையாவது தேட நேரம் இல்ல. நான் அவன் பக்கத்துல உக்காந்து ஒரு கையை அவன் தோள் மேல வச்சிருந்தேன். ஆறுதலுக்கு இல்ல, குதிச்சு ஓடிடப் போறான்னுதான்.

பாதி வழியில டெல்பின் லேசா அசைஞ்சா. அப்பாவைப் பார்த்தா. அப்புறம் கண்ணாடியில தெரிஞ்ச ராமப்பன் மூஞ்சியைப் பார்த்துட்டு உடம்பைக் குறுக்கிக்கிட்டா. எந்த வண்டியில ஏறிக் காணாமப் போனாளோ அதே வண்டி.

நீ சொன்ன மாவு எந்த மாவுன்னு இவன் வாயாலதாம்மா தெரிஞ்சுதுன்னாங்க அக்கா.

ராமப்பன் ரோட்டைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்.

"மேடம், அன்னைக்கு அந்தக் காரை நானும் பார்த்தேன். ஓட்டினவனையும் பார்த்தேன்."

டெல்பின் உதடு அசைஞ்சுது. சத்தம் வரல. சாரு காதை அவ வாய்க்கிட்ட வச்சுக் கேட்டாரு. என்னா சார் சொல்றான்னு நான்தான் கேட்டேன்.

"என்கிட்ட சொல்லாத, நாளைக்குக் கோர்ட்டுல சொல்லுன்றா."

ராமப்பன் தலையை ஆட்டினான். ஆஸ்பத்திரி கேட்டு தெரிஞ்சுது. நான் அவன் தோள் மேல இருந்து கையை எடுத்துட்டு, ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கத்திக்கிட்டே ஓடினேன்.